வட்டிக்கு நின்ற மகள்

என் மூத்த மகள் ஒன்பது வயதில் வட்டிக்கு நின்றாள். இப்போது இருப்பவர்களிடம் இதைச் சொன்னால் விழிக்கிறார்கள். பணத்தை வட்டிக்கு விடுவார்கள், பெற்ற பிள்ளையை விடுவார்களா என்று கேட்கிறார்கள். விட்டோம், என்ன செய்யச் சொல்கிறீர்கள்? என் கணவர் ஒரு காளை வாங்குவதற்காக ஊரில் ஒருவரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கினார். கடன் கொடுத்தவரின் வீடு மேடான இடத்தில் இருந்ததால் எல்லோருக்கும் அவர் மேட்டு வீட்டுக்காரர். வாங்கி வந்த காளை ஒரு நாள் கயிற்றை அறுத்துக்கொண்டு இளஞ்சோளக் கொல்லையில் புகுந்துவிட்டது. மழை இல்லாமல் வாடிய இளஞ்சோளம் மாட்டுக்கு விஷம். பொழுது சாய்வதற்குள் வாயில் நுரை தள்ளிச் செத்தது. கடன் மட்டும் நன்றாக உயிரோடு இருந்தது.

அசலுக்கும் வழியில்லை, வட்டிக்கும் வழியில்லை. என் கணவர் பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் கூடை சுமந்தார். நான் களை எடுக்கப் போனேன், கடலை பிடுங்கப் போனேன். வந்த கூலி கேழ்வரகுக்கும் உப்புக்கும் சரியாக இருந்தது. அப்போதுதான் மேட்டு வீட்டுக்காரர் என் கணவரைக் கூப்பிட்டு, "பெரிய புள்ள சும்மாதானடா கெடக்குது. நம்ம வூட்ல நிக்கட்டும். நிக்கற வரைக்கும் வட்டி ஏறாது" என்றார். அதை ஓர் உதவி போலச் சொன்னாராம். இவரும் உதவி என்றே எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து சொன்னார். அன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்த சண்டையை எழுதினால் காகிதம் கிழிந்துவிடும். கடைசியில் என்ன, நானே அவளுக்குத் தலை சீவி, ரெட்டைச் சடை போட்டு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டேன். சின்னவளுக்கு அப்போது ஐந்து வயது. அக்கா எங்கே போகிறாள் என்று கேட்டுக்கொண்டே பின்னால் ஓடி வந்தாள்.

நாங்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். அந்த வீட்டுக்காரர்களும் வேதக்காரர்கள்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசையில் என் மகளைப் பார்க்க முடிந்தது. அவர்கள் வீட்டுக் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வீட்டம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். பூசை முடிந்து வெளியே வரும்போது அவள் கையைத்தான் முதலில் பிடித்துப் பார்ப்பேன். சாம்பலும் தண்ணீரும் பட்டுப் பட்டு விரல் இடுக்கெல்லாம் வெந்து வெளுத்திருக்கும். "சோறு போடறாங்களா கண்ணு?" என்பேன். "போடறாங்கம்மா" என்பாள். எங்கே படுக்கிறாய் என்றால் இடுப்புக் குழந்தையை மாற்றி வைத்துக்கொள்வாள். அந்த வீட்டம்மா அதற்குள் கூப்பிட்டுவிடுவாள். "ஒம்மவ கெட்டிக்காரி புள்ள. இன்னும் ரெண்டு வருசம் நின்னா சமையலே பழகிக்குவா" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள். நானும் சிரிக்க வேண்டும். சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் பல்லையெல்லாம் உடைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

எண்பதுகளின் ஆரம்பம் அது. ஏழைகள் பட்ட கடனை ரத்து செய்ய அரசாங்கம் சட்டம் போட்டிருக்கிறது என்று ஒரு பேச்சு வந்தது. மண்டியில் கணக்கு எழுதுகிற ஒருவர் பேப்பரை வைத்துப் படித்துச் சொன்னாராம். என் கணவர் அதை வேடிக்கைபோல வந்து சொன்னார்.

"புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரு சம்பாத்தியமும் சேத்து இவ்ளோக்கு கீழ இருந்தா, தாசில்தாரே கடன் இல்லன்னு எழுதித் தருவாராம். புரோநோட்டு செல்லாதாம்."

நான் கையிலிருந்த களிக்கோலைப் போட்டுவிட்டு எழுந்தேன். "அப்ப நம்ம புள்ள வூட்டுக்கு வந்துரும் இல்ல?"

"அட நீ ஒருத்தி! வாங்குனத இல்லன்னு சொல்றதா? நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிகிட்டு பூசைக்குப் போறது?"

"மூஞ்சி கெடக்குது மூஞ்சி. எம்புள்ள கையப் பாத்தீங்களா நீங்க?"

இதே பேச்சு ஒரு வாரம் நடந்தது. களி கிண்டும்போது நடந்தது, தண்ணீர் சேந்தும்போது நடந்தது. சின்னவளே மனப்பாடமாகச் சொல்கிற அளவுக்கு நடந்தது. கடைசியில் என் தொல்லை பொறுக்காமல் கிளம்பினார். மனுவில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் நானும் போனேன்.

தாலுக்கா ஆபீசுக்கு வெளியே வேப்பமரத்தடியில் மனு எழுதுகிறவர் உட்கார்ந்திருந்தார். நிலம் உண்டா, ஆடு மாடு உண்டா, நகை உண்டா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை. உற்சாகமாகிவிட்டார். "அம்மா, ஒங்களுக்குக் கெடைக்கலன்னா வேற எவனுக்கும் கெடைக்காது" என்றார். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு ஒரு பெருமை வந்தது பாருங்கள், பரீட்சையில் முதல் மார்க்கு வாங்கியதுபோல. பிறகு, "பிள்ளைங்க எதாச்சும் வேலைக்குப் போவுதா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர், "இல்லீங்க. பெரிய புள்ள படிக்குதுங்க" என்றார்.

நான் அவர் தொடையில் கிள்ளினேன். அவர் என் கையை அப்படியே பிடித்து நெரித்தார். மனு எழுதுகிறவர் 'மூத்த மகள் பள்ளியில் படிக்கிறாள்' என்று எழுதி முடித்துவிட்டார். இவர் கைநாட்டு வைத்தார். எட்டாவது வரை கன்னியர் பள்ளியில் படித்த நான் கையெழுத்துப் போட்டேன். மரத்தடியை விட்டு வந்ததும் நடுரோட்டில் அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏங்க, அதத்தான முதல்ல சொல்லணும்! வட்டிக்குப் புள்ளைய வெச்சிருக்கான்னு தெரிஞ்சா ஆபீசர் சும்மா விடுவாரா?"

"புள்ளைய வட்டிக்கு விட்டவன்னு என் பேரப் போட்டு எழுதி, அத நாலு பேரு படிக்கணுமா? போடி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்த ஈரத்தைப் பார்த்து நான் மனுவை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அலைந்த கதை எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஒவ்வொரு தடவை போகும்போதும் ஒரு நாள் கூலி போய்விடும், பஸ் காசும் போய்விடும். கிளார்க் ஒருவர் எங்களை வாசற்படிக்கு உள்ளே விடவே மாட்டார். "கடன் வாங்கும்போது என்னக் கேட்டா வாங்குனீங்க? இப்ப மட்டும் எதுக்கு எங்கிட்ட வந்து நிக்கறீங்க?" என்று அவர் கேட்டபோது சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர்களும் எங்களைப்போல மனுவோடு வந்தவர்கள்தான்.

மேட்டு வீட்டுக்காரருக்கும் நோட்டீஸ் போயிற்று. என் பிள்ளையை அடிப்பாரோ, விரட்டுவாரோ என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். விரட்டினால் நல்லதுதானே என்றும் இருந்தது. அவர் ஒன்றுமே செய்யவில்லை. வழியில் பார்த்தபோது என் கணவரின் தோளில் கைபோட்டு, "சட்டம் குடுத்தா வாங்கிக்கடா தம்பி. எனக்கென்ன, நானா தடுக்கப் போறேன்?" என்றாராம். அதைக் கேட்டு இவர் உருகிப் போய்விட்டார். எப்பேர்ப்பட்ட மனிதர், அவர்மேல் போய் மனு போட வைத்துவிட்டாயே என்று என்னைத்தான் ஏசினார்.

ஒரு நாள் தலையாரி வந்து, புதன்கிழமை மதியத்துக்கு மேல் ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதாவது ஆர்.ஐ., வீட்டைப் பார்க்க வருவார் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆர்.ஐ. நேரில் பார்த்து, ஏழைதான் என்று எழுதினால் போதும், தாசில்தார் உத்தரவு போட்டுவிடுவார். வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். இரண்டு மண்பானை, ஓர் அலுமினியக் குண்டான், நசுங்கிய இரண்டு தட்டு, ஓரம் பிய்ந்த பாய். இதைவிட என்ன வேண்டும்? வாழ்க்கையில் முதல் தடவையாக எங்கள் வீடு எனக்கு அழகாகத் தெரிந்தது.

என் கணவருக்கோ அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது. "வர்றவர எதுல உக்கார வெக்கறது?"

"தரையில உக்காரட்டும். அதப் பாக்கத்தான வராரு!"

"தண்ணி எதுல குடுக்கறது?"

"குண்டான்ல குடுங்க."

"பேசற பேச்சப் பாரு! வூடு தேடி வர்ற மனுசனுக்கு அலுமினியத்துலயா?"

எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. யார் படியேறி வந்தாலும், அவர் பகையாளியே ஆனாலும், உட்கார ஏதாவது போட வேண்டும், பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொடுக்க வேண்டும், இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்ல வேண்டும். வீட்டில் ஒன்றும் இல்லை என்ற பேச்சு வந்தவர் காதில் விழக் கூடாது. பசியோடு படுப்போம், அது வேறு. வாசலில் நிற்பவரிடம் 'சாப்ட்டாச்சுங்க' என்போம். எனக்கும் அது ரத்தத்தில் ஊறியதுதான். ஆனாலும் சொல்லிவைத்தேன்: "நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். வூட்ட இருக்கற மாதிரியே விட்டுட்டு சும்மா இருங்க. சும்மா இருந்தாலே புள்ள வந்துரும்." அவரும் தலையாட்டினார்.

புதன்கிழமை காலை நான் கடலை பிடுங்கப் போனேன். மதியத்துக்கு மேல்தானே வருகிறார், அரைநாள் கூலியை ஏன் விட வேண்டும் என்ற பேராசை. உச்சிப்பொழுதில் முந்தானையில் கொஞ்சம் கடலையை முடிந்துகொண்டு திரும்பினேன். ஆர்.ஐ. முன்கூட்டியே வந்துவிட்டிருந்தார். அவருடைய சைக்கிள் வாசலில் நின்றது. வீட்டுக்குள்ளிருந்து கோழிக் குழம்பு வாசனை வந்தது. பக்கத்து வீட்டில் யாரோ சமைக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அட மாதாவே, அது என் வீட்டு அடுப்பு!

உள்ளே ஆர்.ஐ. கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே ஒரு கட்டில், அதன்மேல் புது ஜமுக்காளம். பித்தளைச் சொம்பு பளபளவென்று துலக்கி வைத்திருந்தது. வெள்ளியைப்போல எவர்சில்வர் தட்டு, அதில் நெல்லுச் சோறு. என் மகள் குனிந்து குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். மேட்டு வீட்டுக்காரர் மகளின் சரிகைப் பாவாடையைக் கட்டியிருந்தாள், காலில் கொலுசு. வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. சின்னவள் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டே சுற்றி வந்தாள்.

என்ன நடந்தது என்பதைப் பின்னால் பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். காலையில் மேட்டு வீட்டுக்காரர் இவரைக் கூப்பிட்டு, "ஆபீசர் வர்றாராமே, மண்ணுல உக்கார வெக்கப் போறியா? ஊர் மானம் போயிரும்டா" என்று சொல்லியிருக்கிறார். நாற்காலி, கட்டில், சொம்பு, தட்டு, அரிசி, கோழி எல்லாம் அவரே கொடுத்தனுப்பியிருக்கிறார். பரிமாற ஆள் வேண்டுமே என்று என் மகளையும் நல்ல துணி உடுத்தி அனுப்பியிருக்கிறார். இவர் நன்றி சொல்லிச் சொல்லி வாங்கி வந்திருக்கிறார். என்ன மனுசன் பார் நீ!

நான் முந்தானையை உதறிவிட்டு, "ஐயா, இதுல ஒண்ணுகூட எங்களுது இல்லீங்க. எல்லாம் எரவலுங்க" என்றேன்.

ஆர்.ஐ. நல்ல மனிதராகத்தான் இருந்தார், சிரித்தார். "எத்தன வூடு பாத்திருக்கேன்மா. நாங்க வர்றோம்னா எல்லாரும் சாமானப் பக்கத்து வூட்ல ஒளிச்சி வெப்பாங்க. எரவல் வாங்கிப் பரப்பி வெச்சவன நான் இன்னும் பாக்கல. ஒளிக்க நேரமில்லயா ஒங்களுக்கு?"

"சத்தியமா எரவலுங்க. மேட்டு வூட்டு அண்ணனக் கேட்டுப் பாருங்க."

அவர் வாசல் ஓரமாகத்தான் நின்றுகொண்டிருந்தார். ஆர்.ஐ. அவர் பக்கம் திரும்பினார். மேட்டு வீட்டுக்காரர் இரண்டு கையையும் விரித்து, "அவங்க வூட்டுச் சாமான என்னுதுன்னு நான் எப்படிங்க சொல்றது? பாவமுங்க" என்றார். தன் கட்டிலையும் தன் நாற்காலியையும் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தார்.

"ஏங்க, வாயத் தொறந்து சொல்லுங்க" என்று என் கணவரைப் பிடித்து உலுக்கினேன். அவர் ஆர்.ஐ.யின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடுகிறவரின் முன்னால் இப்படி ஒரு சண்டையா என்றுதான் அந்த முகத்தில் எழுதியிருந்தது. எனக்கு வெறி பிடித்துவிட்டது. என் மகளின் கையை இழுத்து ஆர்.ஐ.யின் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். "இந்தக் கையப் பாருங்க. எம்புள்ள அவங்க வூட்ல வட்டிக்கு நிக்குதுங்க."

ஆர்.ஐ. முகத்தில் சிரிப்பு போயிற்று. கையைக் கழுவிவிட்டு மனுவை எடுத்துப் பார்த்தார். "பள்ளிக்கூடத்துல படிக்குதுன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. ஒங்க கையெழுத்துதான இது? அப்ப எதும்மா பொய், இதுவா அதுவா?" பிறகு என் மகளிடம் குனிந்து கேட்டார். "நீ சொல்லு பாப்பா. படிக்கறியா?"

அவள் என்னைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். வாசலில் நின்றவரைப் பார்த்தாள். "படிக்கறங்க" என்றாள். ஆர்.ஐ. போன பிறகு ஏன் அப்படிச் சொன்னாய் என்று அடிக்காத குறையாகக் கேட்டேன். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அப்பா சொன்னார், அவர்கள் வீட்டிலும் சொன்னார்கள் என்றாள். அவளை என்ன குற்றம் சொல்ல? பெரியவர்கள் எல்லோரும் ஒன்றுபோலச் சொன்னதை அவளும் சொன்னாள்.

சாயங்காலம் மேட்டு வீட்டு ஆட்கள் வந்து கட்டிலையும் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு போனார்கள். பித்தளைச் சொம்பையும் தட்டுகளையும் என் மகள் தலையில் ஏற்றி அனுப்பினார்கள். பாவாடை அழுக்காகியிருக்கிறது என்று அந்த வீட்டம்மா அன்றைக்கே அவளைத் துவைக்க வைத்தாளாம். கோழியும் அரிசியும் எங்கள் கடனில் சேர்ந்தன. அதைக் கேட்டபோதுதான் என் கணவருக்கு விஷயம் உறைத்தது. கோழி விலையைச் சொன்ன பிறகுதான் அந்த மனுசனுக்குப் புத்தி வந்தது! அவரைக் கட்டிப்பிடித்து அழவும் தோன்றியது, அடுப்புக் கொள்ளியால் முகத்தில் இடவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

உத்தரவு வர மழைக்காலம் ஆகிவிட்டது. தாலுக்கா ஆபீசுக்கு நான் மட்டும் போனேன். மனுதாரர் வசதியுள்ள குடும்பம் என்று விசாரணையில் தெரிவதால் கடன் நிவாரணம் இல்லை என்று கிளார்க் படித்துக் காட்டினார். வசதியுள்ள குடும்பம்! பஸ்ஸுக்குக் காசு போதாமல் பாதி தூரம் நடந்து போயிருந்தேன் நான். திரும்பும்போது முழுக்க நடந்தேன். நடக்க நடக்க ஆத்திரம் ஏறிக்கொண்டே போயிற்று. ஊருக்குள் வந்ததும் என் வீட்டுக்குப் போகவில்லை. நேராக மேட்டு வீட்டுக்குப் போனேன்.

பின்கட்டில் என் மகள் குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "எந்திரி, வா போலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். கரியும் சாம்பலுமாக அப்படியே எழுந்து வந்தாள். அந்த வீட்டம்மா சமையற்கட்டு வாசலில் வந்து நின்றாள். தடுக்கவில்லை. "கூட்டிகிட்டுப் போ புள்ள, அவளப் புடிச்சா வெச்சிருக்கோம்? நாளைக்கு ஒன் வூட்டுக்காரர வரச் சொல்லு" என்று மட்டும் சொன்னாள்.

"வருவாரு, வருவாரு. சட்டமும் செத்துப் போச்சு, சர்க்காரும் செத்துப் போச்சு. நான் இன்னும் சாவல, போய்ச் சொல்லு ஒம்புருசன்கிட்ட" என்று கத்தினேன். தெருவே எட்டிப் பார்த்தது. யார் பார்த்தால் என்ன? என் பிள்ளை என் கையில் இருந்தாள்.

வேலிப் படலைத் திறந்து வெளியே வந்தோம். கொஞ்ச தூரம் வந்ததும் அவள் நின்றுவிட்டாள். பயப்படுகிறாள் என்று நினைத்தேன். "யாரும் அடிக்க மாட்டாங்க கண்ணு, வா" என்றேன்.

"நான் வந்துட்டா வட்டி ஏறும் இல்லம்மா?"

"ஏறட்டும். நாசமாப் போவட்டும்."

"ஏறுனா தங்கச்சிய விடச் சொல்லிக் கேப்பாங்களாம். அந்தம்மா சொன்னாங்க." தலையைக் குனிந்துகொண்டு பேசினாள். "அவளுக்குச் சின்னக் கையிம்மா. அண்டாவத் தூக்க மாட்டா. நானே நிக்கறன். எனக்குப் பழகிப் போச்சு."

நடுரோட்டில் புருசனிடம் கத்தியவள் நான், ஆர்.ஐ. முன்னால் கத்தியவள், அந்த வீட்டுப் பின்கட்டில் தெருவே எட்டிப் பார்க்கக் கத்தியவள். அவள் கையிலிருந்த சாம்பலை முந்தானையால் துடைத்துவிட்டேன். சின்னவளை நினைத்தேன். பிறகு, சரி என்று தலையாட்டினேன். அவள் கையை உருவிக்கொண்டு திரும்பி நடந்து, அந்த வீட்டுக்குள் போய்ப் படலைச் சாத்தினாள்.